முப்பத்தேழு ஆணிகள்

என் தம்பி வெள்ளியங்கிரியைப் பற்றி எழுதுகிற அளவுக்கு அவன் ஒன்றும் சாதித்துக் கிழித்துவிடவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டான். பதினாறு வயதில் கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்து, முப்பத்தொன்பது வருடமாக அங்கேயே மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருக்கிறான். செம்புக் கம்பியை ஒரு சுற்றுக்கூடக் குறையாமல் எண்ணிச் சுற்ற வேண்டிய வேலை அது. கணக்கில் ஃபெயிலானவன் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் சுற்று எண்ணினான், போங்கள்.

நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். கிணத்துக்கடவில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே தென்னந்தோப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன். எனக்கு வாய் அதிகம், கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் "அக்காவைக் கேட்டுச் செய்" என்பதுதான் சட்டம். நாள் பார்ப்பது, முறை சொல்வது, ஆகும் ஆகாது என்பதெல்லாம் என் வாயில்தான் இருந்தது. தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

தம்பியின் மனைவி கோகிலா, மகள் பிரவீனா ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று இரண்டு வருடம் அவனோடு மல்லுக்கட்டினேன். "போச்சாதுங்க்கா, உடுங்க" என்று சிரித்து மழுப்பிவிட்டான். மகளுக்குத் தானே தலை பின்னப் பழகினான். காயில் கட்டுகிற பழக்கத்தில் இறுக்கு இறுக்கென்று இறுக்குவான். புள்ளையின் கண் இரண்டும் காதுப் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அப்படியே பள்ளிக்கூடம் போவாள். ஒரு நாளும் அவிழ்த்துக் கட்டியதில்லை அவள். அப்பாவுக்கு வருத்தமாகிவிடும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்தப் பெண்ணைப் பி.காம். படிக்க வைத்து, சத்தியில், அதாவது சத்தியமங்கலத்தில், தீபக் என்ற பையனுக்குக் கட்டிக் கொடுத்தான். நல்ல பையன், அதிகம் பேச மாட்டான். வாழைத் தோட்டம், லாரி என்று வசதியான குடும்பம். சம்பந்தியம்மாவும் தங்கமான மனுஷி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பிரவீனா மாசமாகி ஐந்தாம் மாதம் நடக்கும்போது, கோயமுத்தூரில் ஏதோ சோலியாக வந்த சம்பந்தியம்மா சின்னவேடம்பட்டியில் இருக்கும் தம்பி வீட்டுக்கும் வந்தார்கள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். தம்பி சின்ன வயதிலிருந்து சேர்த்துக் கட்டிய வீடு அது. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்பக்கம் ஒரு ரூம். பிரவீனா வளர்ந்த ரூம் அது. கல்யாணமாகி அவள் போன பிறகு பழைய சாமான் போடுகிற இடமாகிவிட்டது. ஓதம் ஏறிச் சுவரெல்லாம் உப்புப் பூத்து, காரை பெயர்ந்து கிடந்தது. சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார்கள். முகம் சுளிக்கவில்லை. வெகு மரியாதையாகச் சொன்னார்கள்.

"அம்மணி பிரசவத்துக்கு அங்கயே இருந்துக்கட்டுமுங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? பொம்பளை இல்லாத ஊடு வேற."

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்த்தான் மகளை அழைத்து வருவோம். ஒன்பதாம் மாதத்தில், பிறந்த வீட்டார் விதவிதமாகச் சோறு கிளறி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பெண்ணைக் கையோடு கூட்டி வருவது. அது பெற்றவனுக்கு உள்ள உரிமை. அவனிடம் எதற்குச் சிரமம் என்று கேட்டால், வராதே என்று அர்த்தம். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுச் சொன்னால் வலிக்காதா?

அவர்கள் போன பிறகு தம்பி அந்த ரூமிலேயே நின்றான்.

"அக்கா, புள்ள நம்மூட்டுக்கு வரமாட்டாளாட்ட இருக்குதுங்க."

"ஏன்டா வரமாட்டா? ரூமைச் சரி பண்ணு. நான் வந்து கூட இருந்து பார்த்துக்கறேன். எப்படி அனுப்ப மாட்டாங்கன்னு நானும் பார்க்கறேன்."

மேஸ்திரி ஒருவரைக் கூட்டி வந்து காட்டினான். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அவனுக்கு நாக்கு வறண்டுவிட்டது. "நானே செஞ்சுக்கறேனுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தான். அன்றைக்கே போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். வாழ்நாளில் செய்தியைத் தவிர வேறு எதையும் பார்க்காதவன், வீட்டிலேயே செய்யலாம் வாங்க என்று யாராவது கூப்பிட்டால் போதும், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடுவான்.

பட்டறையிலிருந்து ஆறு மணிக்கு வந்தால் ரூமுக்குள் போய்விடுவான். உப்புப் பூத்த காரையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினான். கலர் கலக்கும்போது பிசகிப்போன பெயின்ட் டப்பா ஒன்று கடையில் மூலையில் கிடந்ததாம். பாதி விலைக்குக் கேட்டு வாங்கி வந்தான். பச்சையும் இல்லை மஞ்சளும் இல்லை, பழுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாங்காயின் நிறம். அடித்து முடித்துப் பார்த்தால், அடேயப்பா, நன்றாகத்தான் இருந்தது. தன் முட்டிக்கு எடுத்த பழைய எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்துக் கிளி மாதிரி வெட்டினான். அதைச் சுவரில் வைத்து மேலே பெயின்ட்டை ஒற்றி ஒற்றி, கட்டிலுக்கு நேரே ஒரு சுவர் முழுக்கக் கிளிக் கூட்டம் போட்டான். "உன்ற முட்டி எலும்புல இருந்து கிளி பறக்குதுடா" என்று கேலி செய்தேன். சென்னிமலையில் இரண்டாந்தரம் என்று கழித்துப்போட்ட போர்வைகளை வாங்கி, காயில் கட்டுகிற நூலாலேயே ஓரம் தைத்துத் திரைச்சீலை ஆக்கினான். என் தோப்புக் கொட்டாங்குச்சிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து விளக்குக்கு மூடி செய்தான்.

தினமும் சாயங்காலம் பிரவீனாவுக்கு வீடியோ காலில் காட்டுவான். "இங்க பாரு கண்ணு, இன்னைக்கு சன்னல் முடிச்சுப்போட்டேன்." அவள் அங்கே சத்தியில் படுத்துக்கொண்டே சிரிப்பாள். "கிளிக்கு வால் நீளமாயிருச்சுங்கப்பா" என்பாள். இவன் போனை வைத்துவிட்டு உடனே ஏணியில் ஏறி வாலைச் சரி செய்வான்.

ஏழாம் மாதத்தில்தான் பட்டறைக்கு மோட்டார் வருகிற பேக்கிங் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, பலகையைப் பிரித்து இழைத்துத் தட்டுகள் செய்தான். குழந்தைத் துணிக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, பிரவீனாவின் புத்தகத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் சுவரில் மாட்ட வேண்டும். சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தான்.

"ஏனுங்க்கா, புள்ள மாசமா இருக்கறப்ப ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களே. அடிக்கலாமுங்களா?"

அந்தப் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. அதற்கு முந்தின வாரம்தான், பிறக்கும் முன்னால் தொட்டில் செய்யக் கூடாது என்று நான் அவனைத் திட்டித் தடுத்திருந்தேன். அந்த நேரம் தோப்பில் தேங்காய் போடுகிற ஆள் வந்து நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவசரம்.

"அதெல்லாம் புருஷன் ஊட்டுக்குத்தான்டா. அவ அங்க இருக்கறா, ஆணி இங்க இருக்குது. பேசாம அடி."

இவ்வளவுதான் சொன்னேன். அரை நிமிஷம்கூட இருக்காது. அவன் அடித்தான். முப்பத்தேழு ஆணி.

முடித்ததும் வீடியோ எடுத்துச் சத்திக்கு அனுப்பினான். பிரவீனா அதை மாமியாரிடம் காட்டியிருக்கிறாள். மறுநாளே சம்பந்தியம்மா பேசினார்கள். "பரவாயில்லீங்களே, நல்லா பண்ணிப்போட்டீங்க. கட்டுச்சோத்துக்கு நாள் பாருங்க" என்றார்கள். தம்பி போனைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு மூக்கை மூக்கை உறிஞ்சினான். நான்தான் நாள் பார்த்தேன். ஒன்பதாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு முந்தின புதன்கிழமையே நான் மூட்டை கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். புளி சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். தீபக் போனில் கூப்பிட்டான். காலையிலிருந்து வயிற்றில் அசைவு இல்லை என்று பிரவீனா சொல்கிறாள், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துகொண்டிருக்கிறோம் என்றான்.

பெண் குழந்தை. தலை நிறைய முடி. கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது என்று டாக்டரம்மா சொன்னார். யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். தம்பி ஒரு தரம் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருந்தான். "அப்புச்சி கண்ணு, அப்புச்சி வந்துட்டேன் கண்ணு" என்றான். எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவரை அப்புச்சி என்போம். அந்தக் குழந்தை கண்ணைத் திறக்கவே இல்லை. நான் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன்.

வெளியே வராந்தாவில்தான் அது நடந்தது. சம்பந்தியம்மா அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள், திடீரென்று தம்பியைப் பார்த்தார்கள். குரல் உயரவில்லை.

"ஏனுங்க, அந்த ரூமுல பலகையெல்லாம் மாட்டியிருந்தீங்களே. அந்த ஆணியெல்லாம் எப்பங்க அடிச்சீங்க?"

"ஏழாம் மாசமுங்க."

"மாசமா இருக்கற புள்ளைக்கு ஆணி அடிக்கக் கூடாதுன்னு எடுத்துச் சொல்றதுக்கு உங்கூட்டுல பெரியவங்க யாருமில்லீங்களா?"

சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். தீபக் பார்த்தான். வந்திருந்த உறவு சனம் நாலைந்து பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னால் தம்பி முந்திக்கொண்டான்.

"அக்கா வேண்டாம்னுதானுங்க சொன்னாங்க. நாந்தானுங்க பேச்சுக் கேக்காம அடிச்சுப்போட்டேன்."

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். அறுபத்தொரு வருடம் ஓயாத வாய் அன்றைக்கு ஊமையாகிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் தம்பி என் பழியைச் சுமந்துகொண்டு நின்றான், நான் நிற்கவிட்டேன். பாவி நான்.

பிறகு ஆட்டோவில் வரும்போது ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நாளைக்குப் புள்ளையப் பார்க்க நீங்க அந்த ஊட்டுக்குப் போகோணுமுங்களே. ஒருத்தர் பேரு கெட்டா போதாதுங்களா?" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "நெசமாலுமே ஆணியாலதானுங்களாக்கா?" என்றான்.

"போடா பைத்தியக்காரா. கொடி சுத்திருச்சுன்னு டாக்டரம்மா சொல்லலியா?"

"சுத்து எண்ணுறவன் நானு. எனக்கே ரெண்டு சுத்து ஏறிருச்சு பாருங்க" என்றான்.

பிரவீனாவைச் சத்திக்கே கூட்டிப் போய்விட்டார்கள். இப்போதைக்கு அந்த வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பி இரண்டு முறை போனான். அவர்கள் சோறு போட்டார்கள், மரியாதைக்குக் குறைவில்லை. அனுப்புகிற பேச்சு மட்டும் வரவில்லை. பிரவீனா படுத்தே கிடந்தாள், ஒரு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில். தம்பி பட்டறைக்குப் போனான், வந்தான், பின்பக்க ரூமைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டினான். சாயங்காலத்தில் வீடியோ காட்ட ஆள் இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பான். ஆள் பாதியாகிவிட்டான். என் பேத்தியை நானே கொன்னுட்டேன் என்று பட்டறை முதலாளியிடம் சொல்லி அழுதானாம். முதலாளி எனக்குப் போன் செய்தார்.

அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிச் சத்திக்குப் போனேன். சம்பந்தியம்மா முற்றத்தில் உட்கார்ந்து வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

"என்ற தம்பி அன்னைக்குப் பொய் சொன்னானுங்க. அவன் என்னக் கேட்டுத்தான் அடிச்சான். நாந்தான் அடிக்கச் சொன்னேன். வெய்யறதுன்னா என்னய வெய்யுங்க. புள்ளைய அவங்கப்பன்கிட்ட அனுப்பி வெய்யுங்க. இல்லைன்னா அவன் செத்துப்போவானுங்க."

அவர்கள் என்னை வைவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். இலையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். "எனக்கும் அது மொதப் பேத்திங்க. ஆத்தாமையில யாரையாவது ஏதாவது கேக்கோணும்னு இருந்துதுங்க. கேட்டுப்போட்டேன்" என்று அழுதார்கள். வெள்ளிக்கிழமை நல்ல நாள், கொண்டுவந்து விடச் சொல்கிறேன் என்றார்கள். உள்ளே ரூமில் பிரவீனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் போனதும் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாரேனுங்கத்தை. அப்பாகிட்டச் சொல்லுங்க, வாரேன்னு" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன். அழுதான். நானும் அழுதேன். அத்தோடு விட்டிருக்கலாம்.

"டேய், அவ வர்றதுக்குள்ள அந்த ரூமுல இருக்கறதையெல்லாம் கழட்டிப்போடு. ஒரு ஆணி இருக்கக் கூடாது."

"கழட்டோணுமுங்களாக்கா?"

"பின்னே? பாப்பாத் துணிக்குச் செஞ்ச தட்டைப் பார்த்தா புள்ளைக்கு நெஞ்சு வெடிச்சுராதா? கூறு கெட்டவனே."

"கிளியை மட்டும் உட்டுறட்டுமுங்களா? அது ஆணியில்லீங்க்கா, பெயின்ட்டு."

"எல்லாமுன்னா எல்லாந்தான்டா. வெள்ளையடிச்சு உடு."

அக்காவைக் கேட்டுச் செய்கிறவன் அல்லவா, செய்தான். பட்டறைக்கு மூன்று நாள் லீவு போட்டுவிட்டுத் தனி ஆளாக எல்லாவற்றையும் பிரித்திருக்கிறான். பலகையை டீக்கடை அடுப்புக்குக் கொடுத்துவிட்டான். முப்பத்தேழு ஓட்டையிலும் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வெள்ளை அடித்திருந்தான். வியாழக்கிழமை நான் வந்து சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். எங்கே ஆணி இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு கட்டிலும் மின்விசிறியும் மட்டும் இருந்தன. நல்ல வேலை என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தீபக் காரில் கொண்டுவந்து விட்டான். பிரவீனா இறங்கினாள். தம்பி கையைப் பிசைந்துகொண்டு வாசலில் நின்றான். "வாங்கப்பா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல், நேராகப் பின்பக்க ரூமுக்குப் போனாள். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே போனேன்.

கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள். நாலு சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, என்ற ரூமு எங்கீங்க?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு கண்ணு..."

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பக்கூட இந்த ரூமுக்கு வந்தாப் போதும்னு நெனச்சுக்கிட்டுத்தானுங்கப்பா கெடந்தேன். சத்தியில தெனமும் அந்த வீடியோவையே போட்டுப் போட்டுப் பார்த்தேன். இங்க வந்து கிளியப் பார்த்துக்கிட்டுப் படுத்துக்கோணும்னு." வெள்ளைச் சுவரில் கையை வைத்தாள். "சாயங்காலம் சாயங்காலம் காட்டுனீங்களே. எனக்குச் செய்யறீங்கன்னுதான நான் நெனச்சேன். பாப்பாவுக்கு மட்டுந்தானுங்களா?"

"ஐயோ, உனக்குத்தான் கண்ணு. உனக்குத்தான் சாமி செஞ்சேன்."

"அப்புறம் ஏனுங்கப்பா கழட்டுனீங்க? நான் உசுரோடதான இருக்கறேன்?"

நான்தான் கழற்றச் சொன்னேன் அம்மணி என்று சொன்னேன். அன்றைக்கு வாய் உடனே வந்தது. யார் சொல்லிக் கழற்றியது என்று அவள் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. அப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்கு நின்றாள்.